வாரேன் என்று போனவர்கள்

தென்கரை வார்டில் மாணவர்கள் நிரம்பி வழிகிறார்கள் என்று கணக்கு சொன்னது. நேரில் போய்ப் பார்த்தால் தெருவில் ஈ காக்கா இல்லை. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல? பொருநை நகரின் நகரமைப்பு அலுவலகத்தில் துணை இயக்குநராக இருந்த வடிவுக்கு இது தெரியாது. தெரிந்திருக்க வேண்டும்தான். அவள் குடியிருந்ததே அந்த வார்டில்தான். ஆனால் காலையில் அலுவலகத்துக்கு ஓடி, சாயங்காலம் நேரே அடுப்படிக்குத் திரும்புகிறவளுக்குத் தெரு எங்கே கண்ணில் படப்போகிறது? மேசைமேல் இருந்த திரை "நிரம்பிவிட்டது" என்று சிவப்பில் காட்டியது. அதனால் ஞானசெல்வம் டீச்சரின் மாணவியர் விடுதி விண்ணப்பத்தை அவள் மூன்றாவது தடவையாகத் திருப்பிக் கொடுத்தாள்.

"அப்ப எங்கதான் மேடம் கட்டட்டும்? ஆத்துக்குள்ளயா?" என்றார் டீச்சர். கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு பெண்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கி, நிலம் வாங்கி, வரைபடம் போட்டு, தீயணைப்புச் சான்று வரைக்கும் வாங்கிவிட்டார். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"விதி அப்படி இருக்கு டீச்சர். எந்த வார்டுலயும் குடியிருக்கிறவங்கள்ல மூணுல ஒரு பங்குக்கு மேல மாணவர்கள் இருக்கக்கூடாது. தென்கரையில பாதிக்கு மேல ஆகிப்போச்சு. நான் கையெழுத்துப் போட்டாலும் நிக்காது."

அந்த விதியே வடிவு சண்டை போட்டுக் கொண்டுவந்ததுதான். நகரம் புதிதாக எழும்பிய காலத்தில் திரும்பின பக்கமெல்லாம் விடுதி கட்டினார்கள். அறைக்கு ஆறு பேரை அடைத்தார்கள். வாடகை ஏறிக் குடும்பங்கள் ஊரைவிட்டு ஓடின. பிள்ளைகள் இல்லாமல் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். கோடை விடுமுறை வந்தால் கடைகளும் மூடித் தெருவே செத்துக்கிடந்தது. அதைப் பார்த்து வயிறெரிந்துதான் வடிவு விதியை எழுதினாள். நல்ல விதிதான். கெட்ட விதியாக இருந்தால் ஒரு வரியில் ரத்து செய்துவிட்டுப் போயிருக்கலாம், இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

டீச்சருக்குப் பின்னால் ஒரு பெண் நின்றாள். இசக்கிராணி என்று பெயர், இரண்டாம் ஆண்டு படிக்கிறவள். இவ்வளவு நேரமும் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தவள் வாயைத் திறந்தாள்.

"மேடம், எங்க ஊரு மலையடிவாரத்துல. விடியுமுன்ன பஸ் ஏறுதேன், இருட்டின பொறவு எறங்குதேன். எங்க அப்பா சொல்லிட்டாங்க, ஆனி மாசம் காலேஜ் தொறக்குறதுக்குள்ள இங்க விடுதி வரும்னு உறுதியாகலைன்னா படிச்சது போதும்னு. எங்க அப்பா கெட்டவங்க இல்ல மேடம். பயப்படுதாங்க, அவ்வளவுதான்."

"புரியுதும்மா. ஆனா வார்டு நிரம்பிக் கிடக்கே."

"எங்க மேடம் நிரம்பிக் கிடக்கு? தென்கரை பஸ் ஸ்டாப்புல நான் ஒருத்திதான் நிக்கேன். நாய்கூட இல்ல."

வடிவு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். கோபம் வந்தாலும் கழற்றுவாள், குழப்பம் வந்தாலும் கழற்றுவாள். இந்தத் தடவை எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. இந்தப் பெண் பொய் சொல்லுகிற ஜாதி இல்லை என்று மட்டும் தெரிந்தது.

மறுநாள் ஆல்ட்ரினைக் கூட்டிக்கொண்டு வார்டைப் பார்க்கக் கிளம்பினாள். ஆல்ட்ரின் வாசல் நிறுவனத்தின் பொறியாளர், நாகர்கோவில்காரன். வாசல் என்றால் சும்மா மரக்கதவு இல்லை. பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பானாலும் மாணவர் விடுதியானாலும், கட்ட அனுமதி வேண்டுமென்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் பேசும் வாசல் வைத்தாக வேண்டும் என்பது விதி. போகிறவர் வருகிறவர் சொல்லும் சொல்லைக் கேட்டு, அந்த வீட்டில் யார் யார் குடியிருக்கிறார்கள், அதில் மாணவர்கள் யார் என்று வாசல் கணக்கு வைத்துக்கொள்ளும். எல்லா வாசல்களும் சேர்ந்து சொல்லுவதுதான் வார்டின் கணக்கு.

தெரு வெறிச்சோடிக் கிடந்தது. பொறியியல் கல்லூரி ஆற்றின் அக்கரைக்கு மாறிப்போனதிலிருந்து இப்படித்தானாம். விடுதியாக இருந்த கட்டடங்களில் ஒன்று சிமென்டு கிடங்கு ஆகிவிட்டது, இன்னொன்றில் பல் ஆஸ்பத்திரி. 'மாணவர் தேநீரகம்' என்ற பலகையின் கீழே ஒரு ஆள் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். இப்போது அக்கரையில் இடம் இல்லாமல் புதிய பெண்கள் கல்லூரி இக்கரையில் வந்திருக்கிறது, அதற்கு ஒரு விடுதிகூட இல்லை.

"தம்பி, இங்க எங்கய்யா இருக்காங்க ஆயிரக்கணக்கான மாணவர்கள்? மண்ணுக்குள்ள புதைச்சு வச்சிருக்கியா?"

"மேடம், வாசலுக்குக் கண்ணு கிடையாது," என்றான் ஆல்ட்ரின். "முகத்தையும் கைரேகையையும் திருடி வித்த கும்பல் பிடிபட்ட பிறகு சட்டம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? கேமரா கூடாது. போனை நோண்டக் கூடாது. வேற எந்தப் பதிவோடயும் வாசலை இணைக்கக் கூடாது. 'குடியிருப்பவரின் சொல்லே சான்று'ன்னு சட்டத்துல இருக்கு. ஆள் சொல்லுறதை நம்பித்தான் ஆகணும்."

"ஆள் காலி பண்ணிட்டுப் போகும்போது சொல்லுவாங்கல்ல?"

ஆல்ட்ரின் காதைச் சொறிந்தான். "அங்கதான் மேடம் சிக்கலே. காலி பண்ணுறவங்க 'போறேன்'னு சொன்னா கணக்குல இருந்து எடுத்துடணும்னுதான் முதல்ல எழுதினாங்க. ஒருத்தர் சொல்லணுமே! பெட்டி படுக்கையெல்லாம் வண்டியில ஏத்திட்டு, வாசல்ல நின்னு எல்லாரும் 'வாரேன்'னுதான் சொல்லுறாங்க."

வடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எழுதினது யாரு?"

"தலைமை அலுவலகத்துல எழுதினது. தமிழ்ல போட்டது நான்தான்."

"உங்க வீட்டுல யாராவது 'போறேன்'னு சொல்லிட்டு வெளிய இறங்குவாங்களா?"

"அம்மா செருப்பைக் கழட்டிருவாங்க."

"அப்புறம் எந்தப் புத்தியில அப்படிப் போட்ட?"

"அதனாலதான் மேடம் அப்புறம் மாத்தினோம். ஒரு வருஷமா வராதவங்க இருந்தா, தை மாசத்துல வீட்டுக்காரங்ககிட்ட வாசல் கேட்கும். நீங்க போகிக்கு வீடு ஒதுக்குறமாதிரி அது கணக்கை ஒதுக்கும். 'இன்னார் திரும்பி வருவாங்களா'ன்னு கேட்கும். இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், பேரை எடுத்துடும். தை மாசம்தானே, வாங்க, நேர்லயே பாப்போம்."

லூர்தம்மாள் விடுதி நடத்துவதை விட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. பிள்ளைகள் தூங்கின மாடி அறைகளில் இப்போது மிளகாய் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. வந்தவர்களுக்குக் காப்பி கலக்கக் கிளம்பினவரை வடிவு பிடித்து உட்காரவைத்தாள். அந்த நேரத்துக்குச் சரியாக வாசல் பேசியது.

"லூர்தம்மா, பெரில் ஒரு வருஷத்துக்கு மேல வரலை. திரும்பி வருவாங்களா?"

"வருவா, வருவா. வராம எங்க போவா?" என்றார் லூர்தம்மாள், யோசிக்கக்கூட இல்லை.

"சரி. பெரில் இங்கே குடியிருக்காங்க. உமா மகேஸ்வரி வரலை. திரும்பி வருவாங்களா?"

"அவளும் வருவா."

வடிவு தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மா, இந்தப் பெரில் இப்ப எங்க இருக்கா?"

"கனடாவுலல்லா இருக்கா! மாப்பிள்ளை அங்கதான். ரெண்டு பிள்ளைங்க. தங்கமான பொண்ணு, கிறிஸ்மஸுக்குப் போன் போட்டு, 'ஆன்ட்டி, உங்க மீன்குழம்பு மாதிரி வரமாட்டேங்குது'ன்னு அழுதா."

"அப்ப ஏம்மா வருவான்னு சொன்னீங்க?"

லூர்தம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க படிச்சவங்க கேக்கிற கேள்வியா இது? வாசப்படியில நின்னு கேக்குது. நல்லா இருக்கிற பிள்ளையை 'வரமாட்டா'ன்னு என் வாயால சொல்லச் சொல்லுதீங்களா? கையைப் பிடிச்சு 'வாரேன் ஆன்ட்டி'ன்னு சொல்லிட்டுல்லா போனா! நல்லாருக்கே நியாயம்!"

வாசல் இன்னும் ஒவ்வொரு பேராகக் கேட்டுக்கொண்டே போனது. லூர்தம்மாளும் சலிக்காமல் வருவா, வருவா என்றார். வார்டில் இருந்த எல்லா வாசல்களிலும் இத்தனை வருஷமும் இதுதான் நடந்திருக்கிறது. பழைய விடுதிக்காரர்கள், அறையை வாடகைக்கு விட்டவர்கள், பிள்ளையை வெளியூருக்கு அனுப்பின அப்பா அம்மா, ஒருத்தருக்கும் 'வரமாட்டாங்க' என்று சொல்ல நாக்கு வரவில்லை. இயந்திரம் பொய் சொல்லவில்லை, பாவம். இந்த ஊர்க்காரர்களின் பாசத்தைத்தான் அது தலை எண்ணிக்கையாகக் கூட்டிவைத்திருந்தது.

ஆல்ட்ரின் வாய்விட்டுச் சிரித்தான். வடிவுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் பாதியில் சுருக்கென்று நின்றுவிட்டது. அவள் வீட்டு வாசலும் தை மாசம் அதே கேள்வியைக் கேட்கும். அவள் வீட்டிலும் அதே பதில்தான்.

வடிவின் வீடு ஆற்றைப் பார்த்த அடுக்ககத்தில் மூன்றாவது மாடி. புருஷன் சங்கரபாண்டி பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அந்தக் காலத்தில் அவர் விசில் ஊதினால் மைதானமே அடங்கும். இப்போது வீட்டில் சத்தமே போடுவதில்லை. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கூடத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவார். அந்த நேரத்துக்கு வடிவு அடுப்படியில் இருப்பாள். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துவாள்.

"நம்பி இன்னும் வரலை. வெளி விளக்கு எரியட்டுமா?" என்று வாசல் கேட்டது.

"எரியட்டும்," என்றார் சங்கரபாண்டி.

நம்பி அவர்களுடைய ஒரே பிள்ளை. நாலு வருஷத்துக்கு முன்னால், பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது, "வாரேம்மா" என்று இதே வாசலில் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். புறவழிச்சாலையில் மணல் லாரி அடித்து அந்த இடத்திலேயே போய்விட்டான். காரியமெல்லாம் செய்து முடித்தாகிவிட்டது. ஊர், உறவு, கல்லூரி எல்லாவற்றுக்கும் தெரியும். வாசலுக்கு மட்டும் தெரியாது. இறப்புப் பதிவோடும் அதை இணைக்கக்கூடாது என்பது சட்டம். அது அன்றைக்குச் சாயங்காலமும் கேட்டது. மறுநாளும் கேட்டது. நாலு வருஷமாகக் கேட்கிறது. சங்கரபாண்டியும் எரியட்டும் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். தை மாசம் 'திரும்பி வருவாரா' என்று கேட்டபோதெல்லாம், அவர் தலையைக் குனிந்துகொண்டு 'வருவான்' என்றதை வடிவு அடுப்படியில் இருந்து கேட்டிருக்கிறாள். அவள் போய் மறுக்கவில்லை. அந்த மனுஷனுக்கு மிச்சம் இருப்பது அந்த ஒரு சொல்தான், அதையும் பிடுங்கவா என்று விட்டுவிட்டாள்.

அடுத்த வாரம் முழுக்க வடிவும் ஆல்ட்ரினும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். விஷயத்தை விளக்கினார்கள். ஒரு பெண்பிள்ளையின் படிப்பு நின்றுபோகும் என்று கெஞ்சினார்கள். எல்லாருக்கும் இசக்கிராணிமேல் இரக்கம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், காப்பி கொடுத்தார்கள். வாசல் கேட்டதும் பழையபடி 'வருவாங்க' என்றார்கள். ஒரு மாமா மட்டும் பெரிய மனசு பண்ணி, "இப்போதைக்கு வரமாட்டான்" என்றார். இப்போதைக்கு என்பதை வைத்து வாசல் பேரை அப்படியே வைத்துக்கொண்டது.

"இந்த ஊர்ல ஒரு பயலும் சொல்லமாட்டான் மேடம்," என்றான் ஆல்ட்ரின். "விதியைத்தான் மாத்தணும்."

"விதியை எடுத்தா மறுபடியும் அறைக்கு ஆறு பேரா அடைப்பாங்க. மாத்த வேண்டியது விதி இல்லை தம்பி, கேள்வி."

வழி லூர்தம்மாள் வாயிலிருந்தே வந்தது. மறுபடியும் போனபோது அவர் பெரிலின் பிள்ளைகள் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். "இனி எங்க வரப்போறா," என்றார், வாசலுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி. "எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

வடிவு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அம்மா, இதைச் சத்தமாச் சொல்லுவீங்களா? வாசல்ல நின்னு?"

"இதைச் சொல்ல எனக்கென்ன? வாழ்த்துதானே?"

நம் ஆட்கள் ஒருவரைப் போகவிடும்போது சொல்லுகிற சொல் அதுதான். கோபித்துக்கொண்டு போன தம்பியை, கட்டிக்கொள்ள முடியாமல்போன பெண்ணை, கடல் தாண்டின பிள்ளையை, எல்லாரையும் நாம் அப்படித்தான் அனுப்பிவைக்கிறோம். ஆல்ட்ரின் அன்றைக்கே கேள்வியை மாற்ற உட்கார்ந்தான். இனி வாசல் திரும்பி வருவார்களா என்று கேட்காது. 'பெரில் ரொம்ப நாளா வரலை. அவங்களைப் பத்தி என்ன சொல்லுதீங்க?' என்று கேட்கும். எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும் என்று சொன்னால் பேரை எடுத்துவிடும்.

"ஒரே நாள்ல வார்டு காலியாயிரும் பாருங்க மேடம்!" என்று குதித்தான்.

வடிவுக்குச் சந்தோஷமாக இல்லை. "சொல்லுறவங்களுக்குத் தெரியுமா, அப்படிச் சொன்னா பேர் போயிரும்னு?"

"தெரிஞ்சா சொல்லுவாங்களா? வாழ்த்துற மாதிரி வாழ்த்திட்டுப் போகட்டுமே."

"அது ஏமாத்து. சொல்லே சான்றுன்னு சட்டம் இருக்கு. என்னத்துக்குச் சொல்லுறோம்னு தெரியாமச் சொன்னா அது என்ன சான்று? ஒரு வீட்டுல நாளைக்கு விளக்கு எரியட்டுமான்னு கேட்காமப் போயிரும். ஏன்னு அந்த வீட்டுக்காரருக்குத் தெரியவேண்டாமா?"

"எந்த வீட்டுல மேடம்?" என்று கேட்டுவிட்டு, ஆல்ட்ரின் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவனுக்கு நம்பி விஷயம் தெரியும்.

"எந்த வீடா இருந்தா என்ன? சொல்லிட்டே கேக்கட்டும்."

"அப்ப விடுதி வராமப் போகலாம்."

"போகலாம்," என்றாள் வடிவு. இசக்கிராணியின் முகம் கண்ணில் வந்து நின்றது. ஆனாலும் அவள் இறங்கிவரவில்லை.

அதனால் வாசல் கேள்வியோடு இன்னொரு வரியும் சொன்னது: 'எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்னு நீங்க சொன்னா, இனி அவங்களைப் பத்திக் கேக்கமாட்டேன்.' முதல் இரண்டு நாள் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆல்ட்ரின் முகம் தொங்கிப்போய்விட்டது. மூன்றாம் நாள் லூர்தம்மாள் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். பெரிலில் தொடங்கி ஒவ்வொரு பிள்ளையின் பேராகக் கேட்டு, ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகச் சொன்னார். நடுநடுவே, இவளுக்குப் பல்லு எடுப்பா இருக்கும், இவ ராத்திரியெல்லாம் சிரிப்பா, என்று வாசலுக்கு விவரமும் சொன்னார். முடித்துவிட்டு மூக்கைச் சிந்தினார். "சொன்னதும் நெஞ்சு லேசா இருக்கு பார்த்துக்கோ," என்று பக்கத்துத் தெருவுக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டார். அப்புறம் என்ன? தெருவில் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் சொல்ல ஆரம்பித்தார்கள். சிமென்டு கிடங்குக்காரர் பழைய விடுதி முதலாளி காலத்துப் பையன்களின் பேரையெல்லாம் கேட்டுத் திகைத்துப்போய், முகம் தெரியாத அத்தனை பேரையும் வாழ்த்தினார். சிலர் சொல்லவில்லை. அது அவர்கள் இஷ்டம். வருவான் என்று சொல்லவும் வாசலில் இடம் இருந்தது. திரையில் சிவப்பு மங்கி மஞ்சளாகி, பச்சைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

பங்குனி முடிவதற்குள் ஆல்ட்ரின் வடிவின் அறைக்கு வந்து, உட்காராமல் நின்றான்.

"மேடம், எல்லா வாசலும் பதில் சொல்லிருச்சு. ஒண்ணுதான் பாக்கி. ஒரு வாசல் பாக்கி இருந்தாலும் வார்டைத் திறக்க விதி விடாது, உங்களுக்கே தெரியும்."

அது வடிவின் வீட்டு வாசல். புதுக் கேள்வி வந்த நாளிலிருந்து, சாயங்காலம் அது கேட்கிற நேரத்துக்கு அவள் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போய்விடுகிறாள். சங்கரபாண்டி பால் வாங்க இறங்கிவிடுகிறார். வாசல் யாரும் இல்லாத கூடத்தில் கேட்டுவிட்டு அடங்கிவிடுகிறது.

"பழையபடி 'வருவான்'னு சொன்னாலும் போதும் மேடம். ஒரு பேரால கணக்கு ஒண்ணும் மாறாது. பதில்னு ஒண்ணு இருந்தாச் சரி," என்றான் மெதுவாக. நல்ல பையன், உதவி செய்யத்தான் நினைத்தான்.

"ஊரையெல்லாம் உள்ளதைச் சொல்லவச்சுட்டு, என் வீட்டுல மட்டும் பொய் சொல்லச் சொல்லுதியா?" என்றாள் வடிவு. அவன் போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, ஞானசெல்வம் டீச்சரின் அனுமதி உத்தரவைத் தட்டச்சு செய்யச் சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

சங்கரபாண்டி பால் தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார்.

"பால் அப்புறம் வாங்கலாம். உக்காருங்க," என்றாள். "ஏங்க, நான் ஒண்ணு கேக்கணும். கேட்டா நீங்க தாங்குவீங்களான்னு தெரியலை. நம்பி பேரை வாசல்ல இருந்து எடுக்கணும். ஒரு பிள்ளைக்குப் படிப்பு போயிரும். எனக்கும் இப்படி இழுத்துக்கிட்டே போக முடியலை. ஆனா நீங்க தினமும் அதுக்குப் பதில் சொல்லுதீங்க. அந்தச் சொல்லை உங்ககிட்ட இருந்து எப்படிப் பிடுங்குறதுன்னு..."

சங்கரபாண்டி தூக்கைக் கீழே வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எனக்காகவா இதை வச்சிருந்த?"

"பின்ன யாருக்காக?"

"கிறுக்கி," என்றார். நாலு வருஷத்தில் அவர் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. "நான் என்ன, அவன் வருவான்னு நினைச்சா சொன்னேன்? கொள்ளி வச்ச கை இது. அந்த நேரத்துக்கு நீ மிக்ஸியை நிறுத்திருவ. அவன் பேரைக் கேக்கத்தான் நிறுத்துதியோன்னு நினைச்சேன். அலுத்துப்போய் வாரவளுக்கு அந்தப் பேராவது காதுல விழட்டுமேன்னுதான் இதை விட்டுவச்சேன். ஒவ்வொரு தடவை 'எரியட்டும்'னு சொல்லும்போதும் எனக்கு நெஞ்சு வெந்துச்சுடி."

வடிவு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் அவன் பேரைக் கேக்க நிறுத்தலைங்க. அதைக் கேக்கவே பிடிக்காது எனக்கு. நீங்க சொல்லுறதைக் கேக்கத்தான் நிறுத்துனேன். இன்னைக்கு உங்க குரல் எப்படி இருக்கு, நடுங்குதா, சாப்பிடுவீங்களா மாட்டீங்களான்னு..."

ரெண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் அந்த முள்ளை நாலு வருஷமாகத் தொண்டையில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். இந்த வீட்டில் யார் கேட்டார்கள்? வாசல்தான் கேட்டது. சங்கரபாண்டி சிரிக்கப் பார்த்தார், அழுகையாக வந்தது. வடிவு அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். வெளியே இருட்டத் தொடங்கி, வெளி விளக்கு எரிந்தது.

"நம்பி ரொம்ப நாளா வரலை. அவரைப் பத்தி என்ன சொல்லுதீங்க?" என்று வாசல் கேட்டது. "எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்னு நீங்க சொன்னா, இனி அவரைப் பத்திக் கேக்கமாட்டேன்."

"நீ சொல்லு," என்றார் சங்கரபாண்டி. "நான் எத்தனையோ தடவை இதுக்குப் பதில் சொல்லியாச்சு. இது உன் முறை."

ஊரில் உள்ள அத்தனை பேரையும் சொல்லவைத்தவளுக்கு இப்போது நாக்கு எழவில்லை. எழுந்து வாசலுக்குப் போனாள். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு வண்டி எடுத்தபோது அவன் எந்தச் சட்டை போட்டிருந்தான் என்று யோசித்துப் பார்த்தாள். நீலமா பச்சையா என்று ஞாபகம் வரவில்லை. அது ஞாபகம் வராதது அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. சங்கரபாண்டி பின்னால் வந்து நின்று அவள் தோளைத் தொட்டார்.

"எங்க இருந்தாலும்," என்றாள் வடிவு. நிலையில் நெற்றியைச் சாய்த்தாள். "என் பிள்ளை எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

வெளி விளக்கு அணைந்தது. பிறகு, மற்ற வீடுகளில் தினமும் சொல்லுவதை, நாலு வருஷமாக இந்த வீட்டில் ஒரு தடவைகூடச் சொல்லாத ஒன்றை, வாசல் அதே இதமான குரலில் சொன்னது.

"வீட்டுல எல்லாரும் வந்தாச்சு. கதவைச் சாத்தட்டுமா?"

வடிவு வாயைப் பொத்திக்கொண்டாள். சங்கரபாண்டிதான் பதில் சொன்னார்.

"நீ சும்மா இரும்மா," என்றார். "நாங்களே சாத்திக்கிடுதோம்."